கேளுங்க சொல்றோம்: தெருவுல மஞ்ச பைப்பு

போன மாசம் பைப் கேஸ் பத்தி ஒரு வாசகருக்கு நாலு வரி பதில் போட்டோம், அவ்வளவு தான், சேலம் பக்கமிருந்து மட்டும் லெட்டரும் வாட்ஸ்அப்பும் குவிஞ்சுடுச்சு, அதுல பாதி கேள்வி, பாதி திட்டு. அதனால இந்த தடவை சினிமா, ஜாதகம் எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு கேஸ் மட்டும் தான். கோவிச்சுக்காதீங்க.

"எங்க தெருவுல மஞ்ச கலர் பைப் புதைச்சுட்டு போயிட்டாங்க, இப்ப ஃபார்ம் எடுத்துட்டு வீடு வீடா கையெழுத்து கேக்கறாங்க. பக்கத்து வீட்டு அக்கா சிலிண்டர்ல பாதி செலவு தான்ங்கறாங்க, எங்க வீட்டுக்காரரு வம்பே வேண்டாம்ங்கறாரு. வாங்கலாமா?"
அழகாபுரத்துல இருந்து ஒரு வாசகி

பாதினு யார் சொன்னாலும் அப்படியே நம்பிடாதீங்கக்கா, கணக்கு நம்மளே போட்டுடலாம். உங்க 14.2 கிலோ சிலிண்டர்ல இருக்கற சூடு பைப் கேஸ்ல சுமாரா 17, 18 யூனிட்டுக்கு சமம், யூனிட்னா ஒரு கன மீட்டர். அந்த ஃபார்ம் கொடுக்கறவர்கிட்ட வரியெல்லாம் சேத்து ஒரு யூனிட் எவ்வளவுனு கேளுங்க, அதை 18ஆல பெருக்குங்க, சிலிண்டர் விலையோட மாடி ஏத்தி வைக்கிற தம்பிக்கு கொடுக்கற காசையும் சேத்து பக்கத்துல எழுதுங்க, தெரிஞ்சுடும். பெரும்பாலும் கொஞ்சம் லாபமா தான் வரும், ஆனா பாதியெல்லாம் வராது.

வீட்டுக்கு மட்டும் ஏன் கொஞ்சம் மலிவுனா, ஓஎன்ஜிசி மாதிரி அரசு கம்பெனிங்களோட பழைய கிணத்துல இருந்து வர்ற உள்நாட்டு கேஸை வீட்டுக்கு தான் முதல்ல ஒதுக்கறாங்க. அதுக்கு விலை 2023 ஏப்ரல்ல இருந்து மாசா மாசம் மாறும், நாம வாங்கற கச்சா எண்ணெய் விலையில 10 சதவீதம்னு கணக்கு, ஆனா 4 டாலருக்கு கீழ போகக்கூடாது, ஆரம்பத்துல 6.5 டாலருக்கு மேல ஏறக்கூடாதுனு ரெண்டு பக்கமும் வேலி, அந்த மேல் வேலியும் ரெண்டு வருஷம் கழிச்சு வருஷத்துக்கு கால் டாலர் நகரும்னு அப்பவே எழுதி வச்சுட்டாங்க. இந்த டாலர் ஒரு யூனிட்டுக்கு இல்ல, எம்எம்பிடியுனு ஒரு அளவுக்கு, அது ஒண்ணரை சிலிண்டர் சூடுனு வச்சுக்கோங்க. கப்பல்ல வர்ற கேஸ் இதை விட எவ்வளவோ கூட. நம்ம நாட்டுல செலவாகற கேஸ்ல கிட்டத்தட்ட பாதி அப்படி கப்பல்ல வர்றது தான்.

அடுப்பு விஷயம் ஒண்ணு. பைப் கேஸ் வீட்டுக்குள்ள வர்றது 21 மில்லிபார் அழுத்தத்துல, சிலிண்டர் ரெகுலேட்டரை விட கம்மி, அதனால பர்னர் ஜெட்டோட ஓட்டையை பெருசாக்கணும், வந்து மாட்டறவங்களே அதை செஞ்சு கொடுப்பாங்க. தெருவுல அடுப்பு ரிப்பேர் பாக்கறவர் ஊசி வச்சு குடையறேன்னு வருவாரு, விடாதீங்க. அப்புறம் சிலிண்டர் கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா தரையில படுத்துக்கும், பைப் கேஸ் லேசு, மேல போயிடும், அதனால சமையல்கட்டுல மேல இருக்கற வெண்டிலேட்டரை அட்டை வச்சு அடைச்சிருந்தா முதல்ல அதை பிரிங்க. என் தங்கச்சி வீட்டுல கரப்பான் வருதுனு பழைய காலண்டர் அட்டையை அடிச்சு வச்சிருந்தா, மீட்டர் மாட்ட வந்த பையன் அதை பாத்துட்டு டூல் பையை திறக்கவே மாட்டேன்னுட்டான். நல்ல பையன்.

குழி தோண்டிட்டு மூடாம போயிட்டாங்கனு கடைசியில எழுதியிருந்தீங்க. எங்க தெருவுலயும் அதே தான். மழையில மண்ணு உள்வாங்கி, பால்காரரு வண்டியோட விழுந்து முட்டி பேந்து, மூணாவது நாள் நாங்களே ஒரு வண்டி ஜல்லி அடிச்சு ரொப்பினோம். தோண்டினவங்க மாநகராட்சினாங்க, அங்க கேட்டா கான்ட்ராக்டர்னாங்க. அதுக்கு மேல நடக்க எங்களுக்கு தெம்பு இல்ல.

"கேஸ் மார்க்கெட், கேஸ் மார்க்கெட்னு பேப்பர்ல எழுதறீங்க. ஒரு மாவட்டத்தையே ஒரு கம்பெனிக்கு 25 வருஷம் எழுதி கொடுத்துட்டு அதை மார்க்கெட்டுனு சொல்றது எந்த ஊரு நியாயம்?"
கருப்பூர்ல எகனாமிக்ஸ் படிக்கிற ஒரு மாணவர்

தம்பி, இந்த மாசம் வந்ததுல இது தான் சரியான கேள்வி, கொஞ்சம் நிதானமா பேசுவோம்.

லீ பஜாருக்கு பருப்பு மூட்டை வருது. பருப்பு இந்த கடையில சரியில்லைனா அடுத்த கடைக்கு போயிடலாம், அது சந்தை. ஆனா பஜாருக்கு போற ரோடு ஒண்ணு தான், நாலு பேரு நாலு ரோடு போட்டா நாலு செலவும் பருப்பு விலையில தான் வந்து உக்காரும். கேஸ்ல ரோடுங்கறது பைப், பருப்புங்கறது கேஸ். பைப்பை ஒருத்தர்கிட்ட கொடுக்கறது தப்பில்ல, அதுக்கு சுங்கம் எவ்வளவுனு வெளியாள் ஒருத்தர் கட்டி வைக்கணும், அவ்வளவு தான். ரோட்டுக்காரரே பருப்புக் கடையும் வச்சுக்கிட்டு வேற யாரு வண்டியும் இந்த பக்கம் வராதுன்னா தான் பிரச்சனை.

நம்ம ஊர்ல எழுதி கொடுத்தது ரெண்டையும், ஆனா வேற வேற காலத்துக்கு. 2018ல 9வது ரவுண்டு ஏலத்துல 86 ஏரியாவை கொடுத்தாங்க, சேலம் மாவட்டம் இந்தியன் ஆயிலுக்கு போச்சு. பைப் போடற தனி உரிமை தான் 25 வருஷம், கேஸ் விக்கற தனி உரிமை 8 வருஷம், சொன்ன வேலையை ஒழுங்கா முடிச்சா இன்னும் 2 வருஷம் போனஸ். அதுக்கப்புறம் வேற ஒருத்தர் அதே பைப்ல சுங்கம் கட்டி தன் கேஸை அனுப்பி உங்க வீட்டுக்கு விக்கலாம்னு சட்டம் சொல்லுது. சொல்லுது தான். டெல்லியில அந்த காலம் முடிஞ்சும் கம்பெனி கோர்ட்டுக்கு போய் விஷயம் இழுத்துக்கிட்டே கிடந்துச்சு, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

ஏலத்துக்கு மார்க் போட்ட விதம் இன்னும் சுவாரசியம். 100க்கு 50 மார்க் எத்தனை வீட்டுக்கு கனெக்‌ஷன் கொடுப்பேன்னு சொல்றதுக்கு, வண்டிக்கு கேஸ் போடற சிஎன்ஜி பங்க் எண்ணிக்கைக்கு 20, இரும்பு பைப்புக்கு 20, கட்டணம் எவ்வளவு வாங்குவேன்ங்கறதுக்கு வெறும் 10. இப்ப புரியுதா அழகாபுரத்துல ஏன் ஃபார்மோட துரத்தறாங்கனு. இது கூட பரவாயில்ல, அதுக்கு முந்தின ரவுண்டுகள்ல கட்டணம் கம்மியா கேக்கறவருக்கு தான் ஏரியானு வச்சாங்க, உடனே கம்பெனிங்க எல்லாம் பைப் கட்டணம் ஒரே ஒரு பைசானு எழுதி போட்டாங்க! கோடிக்கணக்குல பைப் புதைச்சுட்டு ஒரு பைசாவா, தர்மமானு கேப்பீங்க. கேஸ் விக்கற விலைக்கு யாரும் உச்சவரம்பு கட்டலையே, போட்ட காசை அங்க எடுத்துக்கலாம்ல. ரோட்டுக்கு சுங்கம் கிடையாது, பருப்பு கிலோ என்னனு மட்டும் கேக்காதீங்கங்கற கதை.

சரி, அதட்டி கேக்க ஆள் இல்லையானா, இருக்கு, பிஎன்ஜிஆர்பினு ஒரு வாரியம், 2006ல சட்டம், 2007ல வாரியம், டெல்லியில இருக்கு. யாருக்கு ஏரியா, பெரிய பைப்புக்கு சுங்கம் எவ்வளவு, பாதுகாப்பு விதி என்ன, இதெல்லாம் அவங்க கையில. ஆனா 2012ல டெல்லி கேஸ் கம்பெனியோட கட்டணத்தை குறைக்கப் போனாங்க, கம்பெனி கோர்ட்டுக்கு போச்சு, 2015 ஜூலை 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு, அந்த கட்டணத்தையும் விக்கற விலையையும் கட்ட உங்க சட்டத்துல உங்களுக்கு அதிகாரமே கொடுக்கலைனு. கரண்ட்டுக்கு நம்ம மாநிலத்துல ஒழுங்குமுறை ஆணையம் இருக்கு, ரேட் ஏத்தறதுக்கு முன்னாடி பொதுக் கூட்டம் போடுது, நம்ம ஆளுங்க போய் மைக்கை பிடிச்சு கிழிச்சுட்டு வர்றாங்க. வீட்டு கேஸ் விலைக்கு அந்த மைக்கே கிடையாது தம்பி. என் கணக்குல இந்த மொத்த ஏற்பாட்டுலயும் பெரிய ஓட்டை இது தான்: சிலிண்டருக்கு திரும்பிப் போயிடுவேன்னு நீங்க மிரட்ட முடியற வரைக்கும் தான் விலை அடங்கி இருக்கும்.

நாடு முழுக்க போற பெரிய பைப்லயும் இதே சங்கதி. 1984ல ஆரம்பிச்ச கெயில்ங்கற அரசு கம்பெனி பைப்பும் வச்சிருக்கு, கேஸும் விக்குது. ரெண்டையும் பிரிக்கப் போறோம்னு பல வருஷமா பேச்சு, பேச்சாவே இருக்கு. பிரிட்டன் மாதிரி பணக்கார நாடே 1986ல கேஸ் கம்பெனியை முழுசா வித்துட்டு 1997ல தான் விக்கற கடையையும் பைப்பையும் ரெண்டு கம்பெனியா ஆக்கினாங்க, அதனால நம்மளை மட்டும் திட்டிக்க வேண்டாம். 2020 ஜூன்ல ஐஜிஎக்ஸ்னு ஒரு கேஸ் எக்ஸ்சேஞ்ச் வந்துச்சு, ஷேர் மார்க்கெட் மாதிரி கம்ப்யூட்டர்ல கேஸ் வாங்கி விக்கறது, அதுல ஒரு விலை எல்லார் கண்ணுக்கும் தெரியுது. வியாபாரம் ஆகற அளவு சின்னது தான், ஆனா விலை தெரியறதே பாதி சந்தை.

"ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி மில் வச்சிருக்கோம். கேஸ் எடுத்துக்கோங்கனு வந்து பேசினாங்க, அக்ரிமென்ட்ல எடுத்தாலும் எடுக்காட்டியும் இவ்வளவு காசு கட்டணும்னு போட்டிருக்கு. இது என்னங்க அநியாயம்? எங்களுக்கு சீசன் ஆறு மாசம் தானே."
ஒரு மில் உரிமையாளர்

அநியாயம்னு சொல்ல முடியாது, ஆனா கண்ணை மூடிட்டு கையெழுத்து போடவும் கூடாது. அதுக்கு பேரு டேக் ஆர் பே. கிணத்துல இருந்து கேஸை எடுத்து, மைனஸ் 160 டிகிரிக்கு குளிர வச்சு தண்ணியாக்கி, கப்பல்ல ஏத்தி, எண்ணூர்லயோ கொச்சியிலயோ இறக்கி, திரும்ப ஆவியாக்கி பைப்ல விடறதுக்கு ஒவ்வொரு கட்டத்துலயும் ஆயிரக்கணக்கான கோடி, வாங்கறவர் நடுவுல கையை விரிச்சுட்டா பேங்க் கடனே கிடைக்காது. அதனால மேல இருந்து கீழ வரைக்கும் ஒவ்வொருத்தரும் அடுத்தவர் கழுத்துல ஒரு துண்டை போட்டு பிடிச்சிருக்காங்க, அந்த வரிசையில கடைசி கழுத்து உங்களுது.

ஆனா துண்டை தளர்த்த முடியும். கத்தார்காரங்களோட பெட்ரோநெட்னு கப்பல் கேஸ் இறக்கற நம்ம நாட்டு கம்பெனி போட்ட ஒப்பந்தம் வருஷத்துக்கு 75 லட்சம் டன், 2004ல இருந்து வருது, 2015ல வெளி மார்க்கெட்ல விலை விழுந்தப்ப நம்ம ஆளுங்க எடுக்க வேண்டிய அளவு எடுக்கல, அபராதம் ஆயிரக்கணக்கான கோடி வரணும், உக்காந்து பேசி அபராதத்தையும் தள்ளி விலை ஃபார்முலாவையும் மாத்தினாங்க. 2024ல அதே ஒப்பந்தத்தை 2028ல இருந்து இன்னும் 20 வருஷத்துக்கு நீட்டியும் ஆச்சு. அவ்வளவு பெரிய ஆளுங்களே திரும்ப பேசியிருக்காங்க, நீங்க கையெழுத்துக்கு முன்னாடியே பேசலாம். கேக்க வேண்டியது இது தான்: குறைஞ்சபட்ச அளவை மாசக் கணக்குல வைக்காம வருஷக் கணக்குல வைங்க, சீசன்ல கூட எடுத்து மத்த மாசத்துல குறைச்சுக்கறோம்னு. அடுத்தது விலை எதோட கட்டியிருக்குனு பாருங்க, கச்சா எண்ணெயோடயா, அப்பப்ப மார்க்கெட்ல வாங்கற கப்பலோடயா. ரெண்டாவதுனா 2022ஐ நினைச்சுக்கோங்க, உக்ரைன் சண்டையில ஐரோப்பா எல்லா கப்பலையும் இழுத்துக்கிட்டு ஆசியாவுல ஒரு எம்எம்பிடியு விலை 50 டாலரை தாண்டி போச்சு.

குஜராத்துல மோர்பினு ஒரு ஊரு, நாடு முழுக்க டைல்ஸ் அங்கிருந்து தான் வருது. 2019ல நிலக்கரியில இருந்து கேஸ் எடுக்கற கேஸிஃபையரை மூடச் சொல்லி பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டுச்சு, எல்லாரும் பைப் கேஸுக்கு வந்தாங்க. 2022ல விலை ஏறினதும் கூட்டம் கூட்டமா புரோபேன் டேங்க் (சிலிண்டர் கேஸ் மாதிரி தான் அதுவும்) வச்சுக்கிட்டாங்க, கேஸ் கம்பெனி விற்பனை பொத்துனு விழுந்துச்சு, அதுக்கப்புறம் அவங்களே விலையை இறக்கி கூப்பிட வேண்டி வந்துச்சு. நீங்களும் பர்னர் வாங்கறதா இருந்தா ரெண்டு எரிபொருளுக்கும் ஒத்து வர்றதா வாங்குங்க, பழைய விறகு அடுப்பை உடனே இடிக்காதீங்க.

வரி இன்னொரு கழுத்தறுப்பு. இயற்கை எரிவாயு 2017ல இருந்தே ஜிஎஸ்டிக்கு வெளிய நிக்குது, மாநில வாட் தான். ஃபர்னஸ் ஆயில் வாங்கினா கட்டின ஜிஎஸ்டியை உங்க விற்பனை வரியில கழிச்சுக்கலாம், கேஸுக்கு கட்டின வாட்டை கழிக்க முடியாது, அது செலவோட செலவு. உங்க ஆடிட்டரை இதை சேத்து ஒப்பிட சொல்லுங்க. ஒரு நல்லது, முன்ன எல்லாம் கேஸ் ரெண்டு மூணு பைப்லைன் மாறி வந்தா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி சுங்கம் ஏறும், கடலோரத்துல இருக்கறவனுக்கு மலிவு, உள்ள இருக்கறவனுக்கு தண்டம். 2023 ஏப்ரல் 1ல இருந்து ஒருங்கிணைஞ்ச கட்டணம்னு தூரத்தை மண்டலமா பிரிச்சு ஒரே சுங்கமா ஆக்கிட்டாங்க.

உங்ககிட்ட இருந்து ஒரு விஷயம் நான் கேக்கறேன். மரவள்ளி பால் எடுத்த கழிவுத்தண்ணியில இருந்து பயோகேஸ் எடுத்து ஜெனரேட்டர் ஓட்டற மில்லுங்க நம்ம மாவட்டத்துல நிறைய இருக்கு, நானே ஒரு மில்லுல பாத்தேன். குளத்து மேல கறுப்பு ரப்பர் ஷீட்டு பூரி மாதிரி உப்பி நிக்குது, ஓரத்துல காதை வச்சா களக் களக்னு சத்தம், வாட்ச்மேன் தாத்தா அது மேல ஒரு கல்லை வச்சுட்டு கல்லு எவ்வளவு உயரத்துல நிக்குதுனு பாத்து கேஸ் இருக்கா இல்லையானு சொல்றாரு, அவருக்கு மீட்டரே வேண்டாம். அதுவும் மீத்தேன், எண்ணூர்ல கப்பல்ல இறங்கறதும் மீத்தேன். கார்பன் டை ஆக்சைடையும் கந்தகத்தையும் வடிகட்டி அழுத்தினா அது சிபிஜி, 2018ல சதத்னு ஒரு திட்டத்துல எண்ணெய் கம்பெனிங்க அதை வாங்கிக்கறோம்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு மேல, நகர கேஸ் கம்பெனிங்க தாங்க விக்கறதுல 2025-26ல 1 சதவீதம், அப்புறம் 3, 4, 2028-29ல 5 சதவீதம்னு இந்த மாதிரி கேஸை கலந்தே ஆகணும்னு விதி வந்திருக்கு. அதாவது உங்ககிட்ட கேஸ் விக்க வந்தவங்களுக்கே உங்க கேஸ் தேவைப்படற காலம் வருது. ஒரு மில்லு தனியா வடிகட்டி மெஷின் போட்டா கட்டாது, பத்து மில்லு சேந்தா பேசிப் பாக்கலாம். சேகோசர்வ் மாதிரி ஒரு கூட்டுறவை 1981லயே கட்டின ஊருங்க இது, ஒண்ணு சேர சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஓமலூர் பக்கம் எங்க தோட்டத்து நடுவுல பைப்லைன் அளந்து கல்லு நட்டாங்க, 2013ல நாங்க பண்ண போராட்டம் உங்க பத்திரிகையிலயே வந்துச்சு. டவுன்காரங்களுக்கு தோசை சுட எங்க நிலத்தை கொடுக்கணுமா?"
ஒரு விவசாயி

ஐயா, உங்க கோவத்துல நியாயம் இருக்கு, அதை மழுப்ப விரும்பல.

மத்தவங்களுக்காக சுருக்கமா: கொச்சியில இருந்து பெங்களூருக்கு கெயில் பைப்லைன், தமிழ்நாட்டுல கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரினு ஏழு மாவட்டம், சுமார் 310 கிலோமீட்டர். விவசாயிங்க எதிர்த்தாங்க, 2013ல அன்னைக்கு முதல்வரா இருந்த ஜெயலலிதா விளைநிலத்துல வேண்டாம், ரோட்டோரமா கொண்டு போங்கனு சொன்னாங்க. கெயில் ஹைகோர்ட்டுக்கு போய் ஜெயிச்சுது, 2016 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டும் மாநில அரசோட அப்பீலை தள்ளிடுச்சு. கேரளாவுல கொச்சி மங்களூரு துண்டு 2021 ஜனவரியில திறந்தே ஆச்சு.

இதுக்கெல்லாம் அடி 1962ஆம் வருஷ சட்டம் ஒண்ணு. நிலம் உங்க பேர்லயே இருக்கும், பட்டா மாறாது, ஆனா பைப் போற பட்டையில வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. அதுக்கு நஷ்டஈடு பயிர் சேதம் போக நிலத்தோட சந்தை மதிப்புல 10 சதவீதம். தென்னையும் மாவும் வச்சிருக்கறவருக்கு அந்த பட்டை செத்த மாதிரி தான், அதுக்கு பத்துல ஒரு பங்குங்கறது எனக்கு எப்பவும் சரியா பட்டதில்ல. பைப்காரருக்கு போட்ட முதலுக்கு இவ்வளவு வருமானம் வரணும்னு கணக்கு போட்டு சுங்கம் கட்டித்தர ஒரு வாரியம் இருக்கு, நிலத்துக்காரருக்கு வருஷா வருஷம் ஒரு வாடகைனு அந்த சுங்கத்துல ஒரு பைசா சேத்திருந்தா பாதி தோட்டத்துல கல்லு பிடுங்கற சண்டையே வந்திருக்காது. 60 வருஷத்துக்கு முந்தின சட்டத்தை வச்சுக்கிட்டு இந்த காலத்து சந்தையை கட்டறாங்க.

பயம்ங்கறதும் சும்மா இல்ல. 2014 ஜூன் 27, ஆந்திராவுல கோதாவரி பக்கம் நகரம்ங்கற ஊர்ல கெயில் பைப் வெடிச்சு 20 பேருக்கு மேல செத்தாங்க. பைப் உள்ள ஈரம் சேந்து அரிச்சிருந்துச்சு. உங்க பக்கம் பைப் வந்தாலும் வராட்டியும், குறியீட்டு கல்லு பக்கத்துல ஜேசிபி விடறதுக்கு முன்னாடி அந்த கல்லுல எழுதியிருக்கற நம்பருக்கு ஒரு போன் போட சொல்லுங்க பசங்களை.

"மேட்டூர்ல அனல் மின் நிலையத்துல வேலை பாத்து ரிட்டையர் ஆனவன். நிலக்கரி புகையை காலம் பூரா தின்னாச்சு. கேஸ்ல கரண்ட் எடுத்தா சுத்தம் தானே, ஏன் யாரும் செய்யல?"
மேட்டூர் வாசகர்

செஞ்சாங்க சார், அதான் வேதனை. 2009 ஏப்ரல்ல கிருஷ்ணா கோதாவரி கடல்ல ரிலையன்ஸோட டி6ங்கற கேஸ் வயல்ல கேஸ் வர ஆரம்பிச்சப்ப ஒரு நாளைக்கு 6 கோடி கன மீட்டர் வரைக்கும் வந்துச்சு, இனிமே கேஸ் தான்னு ஆந்திராவுல வரிசையா பிளான்ட் கட்டினாங்க, பேங்க்குங்க கடன் கொடுத்துச்சு. ரெண்டு மூணு வருஷத்துல கிணறு வத்திப் போச்சு. நாடு முழுக்க 14,000 மெகாவாட்டுக்கு மேல கேஸ் பிளான்ட் கேஸ் இல்லாம நின்னுச்சு, சிலது ஒரு நாள் கூட ஓடல. கப்பல் கேஸை வாங்கி ஓட்டினா கரண்ட் யூனிட் விலை எந்த மின் வாரியமும் வாங்காத விலையா வரும்.

பக்கத்து நாட்டுக்காரங்க கதை இன்னும் பாவம், பாகிஸ்தானும் பங்களாதேஷும் கப்பல் கேஸை நம்பி நிறைய பிளான்ட் போட்டுட்டாங்க, 2022 ஜூலையில பாகிஸ்தான் டெண்டர் விட்டா விக்க ஒருத்தர் கூட வரல, பங்களாதேஷ் விலை தாங்காம அப்பப்ப மார்க்கெட்ல வாங்கற கப்பலை நிறுத்திட்டாங்க, ரெண்டு நாட்டுலயும் மணிக்கணக்குல இருட்டு. 2030க்குள்ள நம்ம எரிசக்தியில கேஸ் பங்கு 15 சதவீதம் ஆகணும்னு மத்திய அரசு சொல்லுது, இப்ப 6 சதவீதம் பக்கம் நிக்குது. எனக்கு நம்பிக்கை இல்ல சார், ஆனா மேட்டூர் புகையை தின்ன உங்ககிட்ட அதை சொல்ல சங்கடமா இருக்கு.

"சிஎன்ஜி ஆட்டோ வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. வாங்கறப்ப இருந்த விலை இப்ப இல்லையே, ஏமாத்திட்டாங்களா?"
ஜங்ஷன் ஸ்டாண்ட் ஆட்டோ டிரைவர்

ஏமாத்தல தம்பி, வரிசையில உங்களை பின்னாடி தள்ளிட்டாங்க. அந்த மலிவு உள்நாட்டு கேஸ் வீட்டுக்கு போக மிச்சம் தான் சிஎன்ஜிக்கு. பழைய கிணறுங்க வத்திட்டே வருது, பங்குங்க கூடிட்டே போகுது, 2024 அக்டோபர்ல ஒரு வெட்டு, நவம்பர்ல இன்னொரு வெட்டு, சிஎன்ஜி தேவையில மூணுல ரெண்டு பங்கு கிடைச்சுட்டு இருந்தது சுமார் 37 சதவீதம் ஆயிடுச்சு. மிச்சத்தை கூட விலை கொடுத்து வாங்கி கலக்கறாங்க. பெட்ரோலுக்கு பக்கத்துல வச்சா இன்னமும் உங்களுக்கு லாபம் தான். சிலிண்டர் அழுத்தத்தை தாங்குதானு தண்ணி ஏத்தி பாக்கற ஹைட்ரோ டெஸ்ட் தேதியை மட்டும் தள்ளிப் போடாதீங்க, அது 200 பார் அழுத்தம், சீட்டுக்கு பின்னாடி தான் உக்காந்திருக்கு.

"ஏற்காட்டுக்கு எப்ப பைப் கேஸ் வரும்? எங்க ஹோம்ஸ்டேக்கு சிலிண்டர் ஏத்தறதே பெரும்பாடா இருக்கு."
நாகலூர் வாசகி

இருபது கொண்டை ஊசி வளைவு ஏத்தி, பாறையை குடைஞ்சு, மேல போனா காப்பித் தோட்டத்துக்கு நடுவுல அங்க ஒரு வீடு இங்க ஒரு வீடு. பைப் செலவு தூரத்துக்கு, வருமானம் அடுப்பு எண்ணிக்கைக்கு. அஸ்தம்பட்டியில ஒரே தெருவுல நூறு அடுப்பு கிடைக்குது, கம்பெனி மலை ஏறுமா சொல்லுங்க. மாவட்டம் முழுக்க உங்க ஏரியானு ஏலத்துல எழுதியிருந்தாலும் கனெக்‌ஷன் எண்ணிக்கையை கீழயே முடிச்சுக்கலாம்ல, மலைக்குனு தனியா மார்க் யாரும் வைக்கல. இப்போதைக்கு 19 கிலோ சிலிண்டர் தான்க்கா, மழைக்கு முன்னாடி ரெண்டு கூட வாங்கி வெளிய காத்தோட்டமா வைங்க, ஸ்டோர் ரூம்ல பூட்டி வைக்காதீங்க.

"பைப் கேஸ் மீட்டர்ல எட்டு நம்பர் காட்டுது. எதை எழுதிக்கணும்? ரீடிங் எடுக்க வந்த பையன் எழுதினதுக்கும் நான் எழுதினதுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம்."
ஃபேர்லேண்ட்ஸ் வாசகர்

சார், சிவப்பு கட்டத்துக்குள்ள இருக்கற கடைசி மூணும் புள்ளிக்கு பின்னாடி வர்றது. கறுப்பை மட்டும் எழுதுங்க, பில்லு வர்ற அன்னைக்கு போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.